மணிக்கட்டில் முத்திரையிடப்படாத தராசு

“பங்கேற்பாளர்களின் அன்றாட ஆற்றல் செலவு மணிக்கட்டுக் கருவி கொண்டு அளவிடப்பட்டது.” சென்ற ஓராண்டில் நான் படித்த ஆய்வேட்டு வரைவுகளிலும் கருத்தரங்கச் சுருக்கங்களிலும் இந்த வாக்கியம், சிறு சொல் மாற்றங்களோடு, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. உளவியல், உடற்கல்வி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் எனத் துறைகள் வேறு வேறு, வாக்கியம் ஒன்றே. அதிலுள்ள ‘அளவிடப்பட்டது’ என்னும் வினைச்சொல் பொய். இந்த நீண்ட பதிவு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்கு எதிரானது. பொறுமையில்லாதவர்கள் இங்கேயே விடைபெறலாம். அடுத்த ஆய்வேட்டில் அந்தச் சொல்லை எழுத இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இறுதிவரை படியுங்கள்.

பூங்காவில் நடைபயிலும் பெரியவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து “இன்று 300 கலோரி எரித்தேன்” என்று மகிழ்வதில் எனக்குச் சண்டை ஏதுமில்லை. அவர் நடக்கிறார், அது நல்லது. என் சண்டை, அதே எண்ணை எடுத்து அட்டவணையில் அடுக்கி, சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, முக்கியத்துவச் சோதனை நடத்தி, ‘கண்டறிந்தோம்’ என்று எழுதுகிற நம்மோடு.

ஓர் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை அளப்பது எளிய காரியமன்று. 1780களில் லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலமொன்றில் கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார்கள். நூறாண்டு கழித்து அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அட்வாட்டரும் ரோசாவும் மனிதர் உள்ளே தங்கக்கூடிய ஓர் அறையையே கலோரிமானியாகக் கட்டினார்கள். இன்று ஆய்வகங்களில் நடப்பது பெரும்பாலும் மறைமுக அளவியல்: முகமூடி வழியாகவோ மூடிய அறையிலோ ஒருவர் உட்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி என்பது இதன் அடிப்படைக் கணக்கு. ஆய்வகத்துக்கு வெளியே, அன்றாட வாழ்க்கையில் அளக்க வேண்டுமானால் இரட்டைக் குறியிட்ட நீர். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கன ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரங்கள் சிறுநீரில் அவ்விரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து உடல் வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிடுவார்கள். 1950களில் லிஃப்சன் குழுவினர் விலங்குகளில் தொடங்கியது. 1982இல்தான் மனிதருக்கு வந்தது, காரணம் செலவு. இன்றும் அந்த நீர் விலை மிக்கது. அதனால்தான் நமக்கெல்லாம் கைக்கடிகாரம் இவ்வளவு இனிக்கிறது.

அந்தக் கடிகாரத்திடம் இருப்பது என்ன? மூக்குக்கு அருகில் அது இல்லை, மூச்சை அறியாது. ஆக்சிஜன் செலவையும் அறியாது. தோலடி நுண்குழாய்களின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. முடுக்கமானி கொண்டு கை எப்படி அசைகிறது என்று பார்க்கிறது. இவை போக, வாங்கிய அன்று நாமே தட்டச்சு செய்த நான்கு விவரங்கள்: வயது, பால், உயரம், எடை. இவ்வளவுதான். இவற்றை ஒரு சமன்பாட்டில் ஊற்றி அது ஓர் எண்ணைத் தருகிறது. அந்தச் சமன்பாடு எது, அதன் கெழுக்கள் எவை, எந்த மக்களிடம் அது பயிற்றப்பட்டது என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. திரையில் தோன்றுவதோ ‘437’. நானூறு சொச்சம் என்றோ, முந்நூறுக்கும் அறுநூறுக்கும் இடையில் என்றோ அல்ல, நானூற்று முப்பத்தேழு. முதலாண்டு இயற்பியல் செய்முறையேட்டில் பிழைவீச்சு இல்லாமல் இப்படியோர் எண்ணை எழுதிய மாணவருக்கு நாம் சிவப்பு மையால் சுழித்துத் தருவோம். கடிகாரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

பிழை எவ்வளவு என்று கேட்டால் தரவு உண்டு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யூவன் ஆஷ்லி குழுவினர் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2, மைக்ரோசாஃப்ட் பேண்ட் ஆகியவையும் அவற்றுள் அடக்கம். ஓடுபொறியிலும் நிலைமிதிவண்டியிலும் பங்கேற்பாளர்களை இயங்கச் செய்து, ஒருபுறம் இ.சி.ஜி.யோடும் மறுபுறம் மூச்சுவாயுப் பகுப்பாய்வோடும் ஒப்பிட்டார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் நின்றது. பாராட்டத்தக்கது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆற்றல் செலவிலோ, இருப்பதற்குள் மிகச் சிறந்த கருவியின் இடைநிலைப் பிழையே 27 சதவீதம். மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். இருபது சதவீதத்துக்குக் கீழ் ஒன்றுகூட வரவில்லை. கடிகாரம் 300 என்று காட்டும் இடத்தில் 27 சதவீதம் என்றால் 81 கலோரி, ஓர் இட்லிக்கு மேல். 93 சதவீதம் என்றால் ஒரு வேளைச் சிற்றுண்டி முழுவதும். இடைநிலை என்பதை மறக்க வேண்டாம்: பாதி அளவுகளில் பிழை இதைவிடக் கூடுதல்.

“அவை பழைய கருவிகள், இப்போது எல்லாம் மேம்பட்டுவிட்டன” என்பது வழக்கமான மறுமொழி. உணரிகள் மேம்பட்டிருக்கலாம். 2020இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு அறுபது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நாடித்துடிப்பைச் சேர்த்துக்கொள்ளும் கருவிகள், அசைவை மட்டும் நம்பும் கருவிகளைவிடப் பரவாயில்லை என்று அது சொல்கிறது; கூடவே, கருவிக்குக் கருவி, செயலுக்குச் செயல் பிழை பெரிதும் மாறுபடுகிறது என்றும் சொல்கிறது. சிக்கல் உணரியின் கூர்மையில் மட்டும் இல்லை. நாடியிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்தத் தாவலில் இருக்கிறது.

மே மாத ஹைதராபாத்தில் பகல் இரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலைக் குளிர்விக்க இரத்தம் ஓடுகிறதே தவிர, தசைகள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும் ஆய்வு மாணவரின் நாடியும் அப்படியே. நீரிழப்பு, காய்ச்சல், மூன்றாவது கோப்பைத் தேநீர், இரவெல்லாம் விழித்தது என ஆக்சிஜன் செலவை அதே விகிதத்தில் கூட்டாமலே நாடியை உயர்த்தும் காரணங்கள் பல. நாடியும் ஆக்சிஜனும் ஓரளவு நேர்கோட்டில் செல்வது நடுத்தர, கடின உடற்பயிற்சியின்போதுதான். அந்தக் கோட்டின் சாய்வும் ஆளுக்கு ஆள் வேறு. அன்றாட வாழ்வின் பெரும்பகுதியோ அந்தக் கோட்டுக்குக் கீழே, உட்கார்ந்தும் நின்றும் கழிகிறது. ஆய்வகத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அந்தக் கோட்டை வரைந்துகொண்டு, அதன் பிறகு நாடியைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. அது நேர்மையான முறை. நாம் அதைச் செய்வதில்லை.

அசைவைப் பொறுத்தவரையில் நிலைமை இன்னும் வேடிக்கை. தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி மேட்டில் வண்டியேற்றும் பழவியாபாரியின் மணிக்கட்டு அசைவதில்லை. தலைக்குடத்தை ஒரு கையால் தாங்கி வரும் பெண்ணின் மணிக்கட்டும் அசைவதில்லை. மெத்தையில் சாய்ந்து கையை ஆட்டி ஆட்டித் தொலைபேசியில் பேசுபவர்தான் நடப்பவராகிறார். (சுமையின் கணக்கிலும் எளிய விதி செல்லாது. கென்யாவின் லூவோ, கிக்கூயு பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான சுமையைக் கூடுதல் ஆற்றல் ஏறத்தாழ இல்லாமலே தூக்கி நடக்கிறார்கள் என்று 1986இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எந்தக் கடிகாரம் இதை அறியும்?) உடலுழைப்பு என்பதைச் சீருடற்பயிற்சிக் கூடத்தின் உழைப்பாக மட்டும் கற்பனை செய்த பொறியாளர்களின் கருவியைக் கொண்டு, கட்டடத் தொழிலாளியின் ஆற்றல் செலவை ‘அளந்ததாக’ எழுதுவதை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். அதற்குக் கடுமையான சொல் வேண்டும்.

இனி அந்தச் சமன்பாடுகளின் குலமரபு. ஓய்விலிருக்கும் உடலின் செலவைக் கணிக்க இன்றும் புழங்கும் ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாடு 1919ஆம் ஆண்டினது. அமெரிக்காவில் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து பெற்றது. 1985இல் உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் ஏற்ற ஸ்கோஃபீல்டு சமன்பாடுகளின் ஏழாயிரத்துச் சொச்சம் தரவுகளில் ஏறத்தாழ 47 சதவீதம் இத்தாலியர்களுடையவை. அவர்களின் ஓய்வுநிலைச் செலவு பிறரைவிடக் கூடுதல். அதனால் வெப்பமண்டல மக்களுக்கு அச்சமன்பாடு மிகைக் கணிப்பைத் தருகிறது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஜெயா ஹென்றி 2005இல் இத்தாலியத் தரவுகளை நீக்கி, வெப்பமண்டலத்திலிருந்து நாலாயிரம் அளவுகளைச் சேர்த்துப் புதிய சமன்பாடுகளை வெளியிட்டார். நம் ஐ.சி.எம்.ஆர். வல்லுநர் குழுவும் அதற்கு முன்பே இந்தியருக்கு 5 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டது. ஆக, இது புதிய செய்தியே அல்ல. தார்னாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாசலைக் கடந்து தினமும் பேருந்தில் போகிறவர்களும், பக்கத்திலேயே நூலகம் இருந்தும், கடிகாரத்தின் எண்ணை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. “இந்தியருக்கென்று ஓர் இனத்திருத்தம் போட்டால் போதும்” என்று யாரும் துள்ள வேண்டாம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் இத்துறையில் உழைத்த பிரகாஷ் ஷெட்டியும் மாரியோ சோரஸும் பிறரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை, இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் ஒப்பிட்டு, உடலமைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இனவேறுபாட்டுக்குச் சான்றில்லை என்று காட்டியது. வேறுபாடு குருதியில் இல்லை. எடைக்குள் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதில் இருக்கிறது. 2004இல் லான்செட் இதழில் வந்த அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்னும் இரு ஆய்வாளர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. டெக்ஸா அளவீட்டில் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2. இந்த இருவர் கையிலும் ஒரே கடிகாரத்தைக் கட்டி, ஒரே வயதும் எடையும் உயரமும் தட்டச்சு செய்தால், ஓய்வுநிலைச் செலவாக அது இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்த எண் இருவரில் குறைந்தது ஒருவருக்குத் தவறு.

அசைவுப் பகுதிக்கான அலகான ‘மெட்’டின் கதையும் இதுவே. ஓய்வில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன் என்பது அதன் வரையறை. நாற்பது வயதான, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணிடமிருந்து வந்த எண் அது என்று சொல்லப்படுகிறது. 2005இல் பைர்ன் குழுவினர் 769 பேரை அளந்தபோது கிடைத்த சராசரி 2.6 மி.லி. மட்டுமே. அடிப்படை அலகே மூன்றிலொரு பங்கு மிகையாக இருக்கும்போது, அதன் மடங்குகளான ‘வேகநடை’, ‘வீட்டுவேலை’, ‘படியேறுதல்’ எல்லாம் எந்த நிலையில் இருக்கும்?

இத்தனையும் சொன்ன பின்பும், முறையியல் அறிந்த நண்பர்கள் ஒரு வாதத்தோடு வருவார்கள். “துல்லியம் இல்லாமல் போகட்டும், பிழை எல்லாருக்கும் ஒன்றுபோல்தானே? ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போய்விடும்.” இந்த வாதம்தான் உண்மையில் ஆபத்தானது, கேட்பதற்கு நியாயமாக இருப்பதால். பிழை எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்விலேயே ஆண்களுக்கும், பி.எம்.ஐ. கூடியவர்களுக்கும், கருந்தோல் உடையவர்களுக்கும், நடக்கும்போதும் கருவிப்பிழை கூடுதலாக இருந்தது. அதாவது, நாம் ஒப்பிட விரும்பும் குழுக்களோடு பிழையே சேர்ந்து மாறுகிறது. இத்தகைய பிழை பங்கேற்பாளர் எண்ணிக்கையைக் கூட்டுவதால் கரையாது; ஆயிரம் பேரைச் சேர்த்தால் தவறான விடையை இன்னும் உறுதியாகச் சொல்வோம், அவ்வளவே.

இதைவிட மோசமானது வட்டவாதம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். எடை என்பது கடிகாரத்தின் சமன்பாட்டுக்குள் போகும் உள்ளீடு. கலோரி அதன் வெளியீடு. ஒருவர் இந்த வெளியீட்டை எடுத்து, பங்கேற்பாளரின் எடையோடு ஒட்டுறவு கண்டு, r = 0.6, p < 0.001 என்று எழுதுகிறார். அவர் கண்டுபிடித்தது மனித உடலைப் பற்றிய உண்மையை அன்று; நிறுவனத்தின் சமன்பாட்டில் எடைக்கு ஒரு கெழு உண்டு என்பதை. பாலினத்துக்கும் வயதுக்கும் இதுவே பொருந்தும். “மாணவிகளைவிட மாணவர்கள் நாளொன்றுக்குக் கூடுதல் கலோரி செலவிடுகிறார்கள்” என்னும் முடிவுக்கு யாரையும் வெளியே அழைத்து நடக்கவைக்க வேண்டியதே இல்லை. அமைப்புப் பக்கத்தில் ‘ஆண்’ என்று மாற்றினால் போதும், அடுத்த நிமிடமே எண் ஏறும். கழற்றி மேசைமேல் வைத்தாலும் ஓய்வுநிலைக் கலோரியைக் கூட்டிக்கொண்டே போகும் கருவிகள் இருக்கின்றன. மேசையின் வளர்சிதை மாற்றம் குறித்தும் ஓர் ஆய்வேடு எழுதலாம்.

காலத்தின் ஊடான ஒப்பீடும் பாதுகாப்பானதன்று. ஆறுமாத ஆய்வின் நடுவே மென்பொருள் ஓர் இரவில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. வழிநிரல் மாறியதா என்பது நமக்குத் தெரியாது. நான்காம் மாதத்தில் தெரியும் ‘முன்னேற்றம்’ நம் தலையீட்டின் விளைவா, புதுப்பிப்பின் விளைவா? கருவியின் பதிப்பெண்ணைக் குறித்துவைத்த ஆய்வேடு ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

“எண் தவறாகவே இருக்கட்டும், ஊக்கம் தருகிறதே” என்பது அடுத்த அரண். ஊக்கம் பற்றியும் தரவு உண்டு. 2016இல் ஜாமா இதழில் வெளியான ஜாகிசிக் குழுவினரின் ஆய்வு, எடை குறைக்க முயன்ற 471 இளையோரை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்தது. வழக்கமான வழிகாட்டல் பெற்றவர்கள் சராசரி 5.9 கிலோ குறைந்தார்கள். கூடவே உடலணி கருவியும் பெற்றவர்கள் 3.5 கிலோதான். இதற்குக் கலோரிப் பிழைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. கருவி கட்டினாலே நன்மை என்னும் எளிய நம்பிக்கை மட்டும் அங்கே தோற்றது. அடியெண்ணிக்கை நடையைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அடியெண்ணிக்கை வேறு, கலோரி வேறு.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இது கடிகாரத்தின் குற்றமன்று, உடலின் தந்திரம். ஹெர்மன் பான்ட்சரின் ஹாட்சா மக்கள் ஆய்வு தொடங்கி, கூடுதல் உழைப்பை உடல் வேறிடத்தில் ஈடுகட்டுகிறது என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. 2021இல் 1,754 பேரின் இரட்டைக் குறியிட்ட நீர்த் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை, செயற்பாட்டில் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலில் சராசரி 28 சதவீதத்தை உடல் பிற செலவுகளைக் குறைத்து மீட்டுக்கொள்கிறது என்று கணித்தது. எனவே கடிகாரம் தப்பித்தவறிச் சரியாகவே 300 என்று சொன்னாலும், அந்த நாளின் மொத்தச் செலவு 300 கூடியிருக்காது. “300 எரித்தேன், 300 உண்ணலாம்” என்னும் கணக்கு இரண்டு இடங்களில் உடைகிறது.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஆய்வேட்டின் பிழை ஆய்வேட்டோடு நிற்பதில்லை. நான் அறிந்த ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) விடுதி மாணவர்களுக்கு ‘நலவாழ்வு மதிப்பெண்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்குக் கடிகாரம் காட்டும் ‘செயற்பாட்டுக் கலோரி’ 400ஐத் தாண்டினால் புள்ளி. திட்டக் குறிப்பில் ‘அறிவியல் அடிப்படையில்’ என்ற சொற்றொடரும், மேற்கோளாக நம்மைப் போன்றோர் எழுதிய கட்டுரைகளும் இருந்தன. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. 75 கிலோ எடையுள்ள மாணவர் உணவகத்துக்கு இருமுறை போய்வந்து பாதி இலக்கை எட்டினார். 43 கிலோ எடையுள்ள மாணவி மாலையில் ஒன்றரை மணிநேரம் நடந்தும் எட்டவில்லை. சமன்பாடு எடையால் பெருக்குகிறது, அவர் என்ன செய்வார்? பையன்கள் தொடர் பார்த்தபடியே கையைக் குலுக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த மாணவி கற்றுக்கொண்டது வேறு: இரவு உணவைத் தவிர்த்துவிட்டு விடுதித் தாழ்வாரத்தில் நடப்பது. கலோரி எண்ணும் செயலிகளும் உணவுக்கோளாறு அறிகுறிகளும் கல்லூரி மாணவர்களிடம் சேர்ந்து காணப்படுவதை 2017இலேயே சிம்ப்சனும் மட்சேயோவும் எழுதினார்கள். ஒட்டுறவு காரணமாகாது என்பது எனக்கும் தெரியும். இருந்தும், 43 கிலோ எடையுள்ள ஒருவரிடம் “நீ போதுமான அளவு எரிக்கவில்லை” என்று ஒரு நிறுவனம் தன் முத்திரையோடு சொல்வதற்கு எந்த ஒட்டுறவும் தேவையில்லை, அது தவறு.

இது விடுதியோடும் நிற்காது. நலவாழ்வுச் செயல்களுக்குச் சலுகை தரக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை வழிகாட்டல்கள் இடமளித்தன. இன்று அடிகளை எண்ணுபவர்கள் நாளை கலோரியை எண்ணத் தயங்கமாட்டார்கள்.

சிகந்தராபாத் மோண்டா சந்தையில் தக்காளி விற்கும் அம்மாவின் மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சட்டமுறை எடையளவுத் துறையினர் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முத்திரை இல்லையென்றால் தண்டம். மருத்துவ வெப்பமானிக்கும் இரத்த அழுத்தமானிக்கும்கூட விதிகள் இருக்கின்றன. ஒரு கிலோ தக்காளியில் 270 கிராம் குறைந்தால் நாம் சந்தையே அதிரச் சண்டையிடுவோம். அதே விகிதப் பிழையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதற்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து, அதன்மேல் முனைவர் பட்டமும் வாங்குகிறோம். ‘இது மருத்துவக் கருவியன்று’ என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் எழுதிவிட்டு நிறுவனம் நழுவுகிறது. அந்தப் பொடியெழுத்தை நிறுவனமே எழுதியிருக்கும்போது, நாம் நம் கட்டுரையின் முறையியல் பகுதியில் அதை ஏன் எழுதுவதில்லை?

நெறியாளர்களிடம் ஒரு சொல். “கருவி வாங்கப் பணமில்லை, கடிகாரம்தான் இருக்கிறது” என்பது உண்மையான நெருக்கடி. நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் மூச்சுவாயு பகுப்பாய்வி இல்லை. அதற்கான விடை, இல்லாத அளவீட்டை இருப்பதாகச் சொல்வதன்று. ஆய்வுக் கேள்வியை மாற்றுங்கள். எத்தனை அடி நடந்தார்கள், எத்தனை நிமிடம் நாடி குறிப்பிட்ட எல்லைக்கு மேல் இருந்தது, எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பவை நேர்மையாகக் கேட்கத்தக்க கேள்விகள். இவற்றுக்குக் கடிகாரமே ஓரளவு விடை தரும். ஆற்றல் செலவுதான் வேண்டுமென்றால், பங்கேற்பாளர்களில் ஒரு சிறு பகுதியினரையாவது அருகிலுள்ள ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கோ மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறைக்கோ அழைத்துச் சென்று, மூச்சுவாயுவோடு ஒப்பிட்டு, உங்கள் மக்களுக்கு உங்கள் கருவியின் பிழை எவ்வளவு என்று அட்டவணையிடுங்கள். அந்த ஒரு பக்க அட்டவணைதான் அந்த ஆய்வேட்டிலேயே பிறருக்குப் பயன்படும் பக்கமாக இருக்கும்.

மாணவர்களே, வரைவு இன்னும் கையில் இருக்கிறதென்றால், அந்த வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: “பங்கேற்பாளர்களின் ஆற்றல் செலவு, வயது, பால், உயரம், எடை, நாடித்துடிப்பு, கையசைவு ஆகியவற்றிலிருந்து, நிறுவனம் வெளியிடாத வழிநிரல் ஒன்றால், இந்த மாதிரிக் கருவியில், இந்தப் பதிப்பு மென்பொருள் கொண்டு கணிக்கப்பட்டது, இம்மக்கள் குழுவில் அதன் பிழை அறியப்படவில்லை.” எழுதியதும் உரக்கப் படியுங்கள். புறத்தேர்வாளர் முன் அதைச் சொல்ல நாக்கு கூசினால், அட்டவணையிலிருந்து அந்த ஒரு நிரலை மட்டும் நீக்கிவிடுங்கள். நாடித்துடிப்பும் அடியெண்ணிக்கையும் இருக்கட்டும்.